கடைசி ரீலில் வருவது யார்?

அன்புள்ள தம்பிக்கு,

தம்பி என்றே கூப்பிடச் சொல்லி எழுதியிருந்தீர்கள், அதனால் இந்த உரிமை. அம்பத்தூரில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைத்து, சனிக்கிழமை ராத்திரிகளில் நண்பர்களுக்குப் பேய்ப்படம் போடுகிறீர்கள். ‘ஈவில் டெட்’டுக்கு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்த கூட்டம், ‘யார் நீ?’ போட்டதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டது. பழைய தமிழ்ப் பேய்ப்படங்களில் சரக்கே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வியாதி பிடித்தவர்கள் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் நிறைய இருப்பதால், பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

சரக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் எதைச் சொல்லி மிரட்டுகின்றன என்பது முதலில் பிடிபட வேண்டும். இதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். கடைசி ரீலில் வருவது போலீஸா, மந்திரவாதியா என்று பாருங்கள்.

‘யார் நீ?’யையே எடுத்துக்கொள்வோம். ராஜ் கோஸ்லாவின் ‘வோ கோன் தீ?’ (1964) இந்திப் படத்தை பி. எஸ். வீரப்பா தமிழில் தயாரித்தார். சத்யம் இயக்கி 1966இல் வந்தது. கொட்டுகிற மழையில் டாக்டர் ஜெய்சங்கரின் காரில் வெள்ளைப் புடவை ஜெயலலிதா ஏறிக்கொள்கிறார். போக வேண்டிய இடம் கல்லறைத் தோட்டம். பிறகு படம் முழுக்க அந்த முகம் அவரை விரட்டுகிறது, கூடவே பி. சுசீலாவின் குரலில் ஒரு பாட்டு. இந்தியில் மதன் மோகன் போட்ட மெட்டு, தமிழில் வேதா கைக்கு வந்து நம் ஊர்ப் பேயின் நிரந்தரப் பாட்டாகவே ஆகிவிட்டது. கடைசியில் பார்த்தால் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சொத்துக்கு ஆசைப்பட்ட சொந்தக்காரன் போட்ட திட்டம்.

பத்து வருஷம் கழித்து அதே ஜெய்சங்கர், எஸ். பி. முத்துராமனின் ‘துணிவே துணை’யில் (1976), பேய்க்குப் பயந்து நடுங்கும் ஒரு கிராமத்துக்குத் துப்பறியப் போகிறார். அங்கேயும் வெள்ளைப் புடவை, அங்கேயும் பாட்டு, அங்கேயும் பின்னால் இருப்பது ஒரு திருட்டுக் கும்பல். ஏ. சி. திருலோகசந்தரின் ‘அதே கண்கள்’ (1967) ஏவிஎம் படம், கலரில் வந்தது. அதில் பேய் என்ற பேச்சே அதிகம் இல்லை. முகமூடிக்குள் இரண்டு கண்கள், அவ்வளவுதான்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் மூத்தவர் வீணை எஸ். பாலசந்தர். 1954இல் ஒரு பாட்டுகூட இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தவர். அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவான அதே 1964இல் அவருடைய ‘பொம்மை’ வந்தது. குழந்தை விளையாடும் பொம்மைக்குள் வெடிகுண்டு. பொம்மை ஒவ்வொரு கையாக மாறி ஊரைச் சுற்றுகிறது. கையில் வைத்துக் கொஞ்சுகிறவருக்கு விஷயம் தெரியாது, நமக்குத் தெரியும். ஒரு பேயைக்கூடக் காட்டாமல் உள்ளங்கையை வியர்க்க வைத்துவிட்டு, முடிவில் பாலசந்தரே திரையில் தோன்றி, நடித்தவர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் அறிமுகப்படுத்துவார். அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவி அவர் எடுத்த ‘நடு இரவில்’ 1970இல் வந்தது. ஒரே வீடு, உள்ளே சொந்தக்காரர்கள், ஒவ்வொருவராகக் குறைகிறார்கள்.

ஆக, அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் பயப்பட வேண்டியது மனுஷனுக்குத்தான். ‘பராசக்தி’ (1952) பூசாரியைக் கேள்வி கேட்டுக் கைத்தட்டல் வாங்கிய ஊரில், நிஜப் பேயைக் காட்டிவிட்டுச் சும்மா போக யாருக்கும் துணிச்சல் வரவில்லை என்பது என் கணிப்பு. காரணம் சொல்லியாக வேண்டும், குற்றவாளிக்கு விலங்கு மாட்டியாக வேண்டும். உங்கள் நண்பர்கள் பேய் நிஜம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். புடவை காற்றில் பறந்ததும் சிரித்துவிட்டார்கள். பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரனைக் கவனிக்கச் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963). போன ஜென்மத்துக் காதல் இந்த ஜென்மத்தில் தொடர்கிறது. போன ஜென்மத்தில் சுட்ட ஜமீன்தாரோ இன்னும் சாகவே இல்லை. நூறு வயதைத் தாண்டிய கிழவராக, தோல் சுருங்கி, வெறி மட்டும் குறையாமல் நிற்கும் எம். என். நம்பியாரை உங்கள் மாடியில் பெரிதாகப் போட்டுப் பாருங்கள். அந்த நிழல்களைப் பிடித்தவர் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். மறு வருஷமே அவர் மலையாளத்துக்குப் போய், பஷீரின் எழுத்தில் ‘பார்கவி நிலையம்’ இயக்கினார். அங்கே பேய் நிஜம். யட்சிக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

தமிழில் காற்று மாறியது 1978இல். துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்கள்’ அந்த வருஷம்தான் வந்தது. மலையாளத்தில் நடிகை ஷீலா இயக்கிய ‘யக்ஷகானம்’தான் மூலம். செத்துப்போனவளின் ஆவி இன்னொருத்தி உடம்புக்குள் புகுந்துகொள்கிறது. ரஜினிகாந்த் இருந்தும் விலங்கு மாட்ட ஆள் இல்லை, ஏனென்றால் ஆவி நிஜம். அதே வருஷம் விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’யும் வந்தது. விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்புக்குள் நீட்டி எரியவிட்டுச் சமைக்கும் பேயை நம்மில் யார் மறந்தோம்? டன்லப்பிலும் டி.ஐ. சைக்கிளிலும் ஷிப்ட் முடித்து செகண்ட் ஷோ போன எங்கள் தெரு அண்ணன்கள், கொட்டகையில் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஏரிக்கரைப் பக்கம் வந்ததும் சைக்கிளை நெருக்கி ஓட்டுவார்கள். இந்தப் படத்துக்குச் சிரிக்கலாம் தம்பி. அதற்கென்றே எடுத்த படம்.

அப்புறம் வீடியோ கேசட் காலம். இங்கிலீஷ் படங்களை வீட்டில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த தலைமுறை கேமராவைக் கையில் எடுத்ததும் விசித்திரமான சரக்கெல்லாம் வந்தது. வேலு பிரபாகரனின் ‘நாளைய மனிதன்’ (1989), செத்தவனை எழுப்பிவிடும் விஞ்ஞானியின் கதை. ஊசி போடும் விஞ்ஞானி யார் என்கிறீர்கள்? நம் ஜெய்சங்கர்தான். எழுந்து வருபவர் அஜய் ரத்னம். ‘தி ஓமன்’ படத்தைத் தக்காளி சீனிவாசன் ‘ஜென்ம நட்சத்திர’மாக (1991) எடுத்தார். அதே வருஷம் ஜி. எம். குமார் ‘உருவம்’ எடுத்தார். பாலாவின் ‘அவன் இவ’னில் ஹைனஸாக வந்தாரே, அவரேதான். மைக் பிடித்துப் பாடியே வெள்ளிவிழா கண்ட மோகனை, அடையாளம் தெரியாத கோர மேக்கப்பில் ‘உருவ’த்தில் காட்டினார். படம் ஓடவில்லை. ஆனால் பிரியமான ஒரு கதாநாயகனின் முகத்தை இப்படிச் சிதைத்துப் பார்க்கத் துணிந்த இன்னொரு தமிழ்ப் படத்தை எனக்குக் காட்டுங்கள்.

இனி உங்கள் சனிக்கிழமைகளுக்கு வருவோம். முதல் வாரம் ‘பொம்மை’. அடுத்து ‘நெஞ்சம் மறப்பதில்லை’. மூன்றாவது வாரம் ‘ஜெகன்மோகினி’, எல்லோரும் சிரித்துத் தீர்க்கட்டும். நான்காவது ‘உருவம்’. கிடைக்கும் பிரதி பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். படத்தைப் பெரிதாக்குவதைவிட, பார்ப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கரை வையுங்கள். இந்தப் படங்களுக்குப் பாதி உயிர் சத்தத்தில்தான்.

ஐந்தாவது வாரம் கார்த்திக் சுப்பராஜின் ‘பீட்சா’ (2012). உங்கள் கூட்டம் அதைப் பார்த்திருக்கும், பயந்தும் இருக்கும். ஆனால் என்ன கதை அது? பேயைப் பார்த்ததாகக் கதை கட்டி ஒருவன் எல்லோரையும் ஏமாற்றுகிறான். பின்னால் இருப்பது வைரம். அப்படியே 1966. அப்புறம் கடைசிக் காட்சியில் அவன் எதிரே நிஜமாகவே ஏதோ வந்து நிற்கிறது. அது 1978. தமிழ்ப் பேய்ப்படத்தின் இரண்டு பரம்பரைகளையும் ஒரே படத்துக்குள் முட்டவிட்டதால்தான் அந்தக் கடைசிக் காட்சி அப்படித் தூக்கிப் போட்டது. அதைச் சொல்லிவிட்டு, ஆறாவது வாரம் மறுபடி ‘யார் நீ?’ போடுங்கள். இந்த முறை யாராவது சிரித்தால் என் பெயரைச் சொல்லித் திட்டச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துப் பழைய ரசிகன்