பல் போனால் சொல் போகுமா?

வாசிக்கும் முன்
• உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தெந்த உணவுகளைத் தவிர்க்கிறார்கள்? அதற்குக் காரணம் என்ன?
• இழந்த பல்லுக்குப் பதிலாக வேறு பல்லைப் பொருத்தும் வழிகளுள் உங்களுக்குத் தெரிந்தவை யாவை?

1. ‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. கண்ணாடியின் முன் நின்று ‘தந்தை’, ‘நாவல்’, ‘வானம்’ ஆகிய சொற்களை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். த், ந் ஆகிய ஒலிகள் பிறக்கும்போது நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடுகிறது. வ் என்னும் ஒலி பிறக்கும்போது மேற்பல் கீழுதட்டோடு சேர்கிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இவ்வொலிகள் பிறக்கும் முறையை இவ்வாறே விளக்குகிறது. எனவே, முன்பற்களை இழந்தவரின் பேச்சு குழறுவதில் வியப்பில்லை.

2. பல் போனால் சொல் மட்டுமா போகிறது? தீபாவளிக்குச் சுட்ட முறுக்கையும் நறுக்கி வைத்த கொய்யாப்பழத்தையும் முதியவர் சிலர் ஒதுக்கிவிடுகின்றனர். “எனக்குப் பிடிக்காது,” என்று அவர்கள் சொன்னாலும் உண்மைக் காரணம் வேறாக இருக்கலாம். கஞ்சியும் ரொட்டியுமே அன்றாட உணவானால் காய்கறி, பழம், இறைச்சி ஆகியவற்றால் கிடைக்கும் சத்துகள் குறையும். சிரிக்கவும் பேசவும் கூச்சப்பட்டு விருந்துகளைத் தவிர்ப்போரும் உண்டு. எனவே, இழந்த பல்லுக்கு மாற்றுப் பல் பொருத்துவது அழகுக்காக மட்டும் எடுக்கும் முடிவன்று.

கழற்றி மாட்டும் பொய்ப்பல்

3. மாற்றுப் பற்களுள் நெடுங்காலமாகப் பழக்கத்தில் இருப்பது பொய்ப்பல். இதைப் ‘பல்செட்’ என்றும் சொல்வர். ஈறின் அச்சை எடுத்து, அதற்கேற்ப நெகிழித் தளம் ஒன்றைச் செய்து, அதில் செயற்கைப் பற்களைப் பொருத்துவர். எல்லாப் பற்களையும் இழந்தவருக்கு முழுப் பொய்ப்பல்லும், சில பற்களை மட்டும் இழந்தவருக்குப் பகுதிப் பொய்ப்பல்லும் உண்டு.

4. பொய்ப்பல் பொருத்துவதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை. செலவும் குறைவு. ஆயினும், அதற்குப் பழக நாளாகும். தொடக்கத்தில் ஈறு வலிக்கலாம். பேச்சு மாறியதுபோல் தோன்றலாம். நாளிதழைத் தினமும் உரக்கப் படித்தால் நாக்கு விரைவில் பழகிக்கொள்ளும். இரவில் பொய்ப்பல்லைக் கழற்றிச் சுத்தம் செய்து நீரில் இட்டு வைக்கவேண்டும். கொதிநீரில் இட்டால் அதன் வடிவம் கெட்டுவிடும்.

எலும்பில் ஊன்றும் பல்

5. மற்றொரு வழி, தாடை எலும்பிலேயே செயற்கை வேர் ஒன்றை ஊன்றுவது. பல் மருத்துவர்கள் இதனை ‘இம்பிளான்ட்’ என்பர். திருகாணி போன்ற சிறிய டைட்டேனியத் துண்டை எலும்பினுள் பொருத்துவர். எலும்பு அதனை இறுகப் பற்றிக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை ஆகும். பின்னர் அதன்மேல் பல்லைப் பொருத்துவர்.

6. இம்முறைக்கு வித்திட்டவர் சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க். 1952ஆம் ஆண்டு, முயலின் எலும்பில் இரத்தம் ஓடும் விதத்தை அறிய டைட்டேனியக் கருவி ஒன்றை அவர் பொருத்தினார். ஆய்வு முடிந்ததும் அதைக் கழற்ற முயன்றார், முடியவில்லை. எலும்பும் உலோகமும் ஒன்றோடொன்று இணைந்துவிட்டிருந்தன. கருவி வீணாயிற்றே என்று அவர் அதை ஒதுக்கிவிடவில்லை. இந்த இணைப்பு மனிதருக்குப் பயன்படுமா என்று ஆராய்ந்தார். 1965ஆம் ஆண்டு, முதன்முதலாக ஒரு நோயாளியின் தாடையில் டைட்டேனிய வேர்களை ஊன்றினார். அவை 40 ஆண்டுகளுக்கு மேல் அந்நோயாளிக்குப் பயன்பட்டன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு

7. பல்லின் வேர் இருக்கும்வரை, நாம் மெல்லும்போது ஏற்படும் அழுத்தம் தாடை எலும்பைச் சென்றடையும். வேர் போய்விட்டால் அவ்விடத்து எலும்பு மெல்ல மெல்லத் தேயத் தொடங்கும். பொய்ப்பல் ஈறின் மேலேயே அமர்வதால் இத்தேய்மானத்தைத் தடுப்பதில்லை. சில ஆண்டுகளில் அது தளர்ந்துபோவதற்கு இதுவே முக்கியக் காரணம். அப்போது அதன் உட்புறத்தைச் சரிசெய்யவோ புதிதாக ஒன்றைச் செய்யவோ நேரிடும். கீழ்த்தாடைப் பொய்ப்பல்லை நாக்கும் அடிக்கடி அசைப்பதால், அது மேற்பொய்ப்பல்லைவிட எளிதில் ஆடும். இம்பிளான்ட் எலும்பினுள் நிற்பதால் உறுதியாக மெல்ல உதவுகிறது. எலும்புத் தேய்மானத்தையும் குறைக்கிறது.

8. அப்படியானால், இம்பிளான்ட்தான் எல்லாருக்கும் ஏற்றதா? இல்லை. அதற்குப் போதிய எலும்பு வேண்டும். கட்டுக்குள் வராத நீரிழிவு நோய், புகைப்பழக்கம், எலும்பு மெலிவுக்காக உட்கொள்ளும் சில மருந்துகள் ஆகியவை புண் ஆறுவதைப் பாதிக்கலாம். டைட்டேனியம் சொத்தையாவதில்லை, எனினும், அதனைச் சுற்றியுள்ள ஈறும் எலும்பும் கிருமியால் பாதிக்கப்படலாம். எனவே, அதையும் நாள்தோறும் துலக்கவேண்டும்.

9. உங்கள் வயதினருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. விளையாட்டில் பல்லை இழந்த மாணவருக்கு மருத்துவர்கள் பொதுவாக உடனே இம்பிளான்ட் பொருத்துவதில்லை. தாடை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும். சுற்றியுள்ள பற்கள் அவ்வளர்ச்சியோடு நகரும், இம்பிளான்ட் நகராது. நாளடைவில் அந்தப் பல் மட்டும் கட்டையாகத் தோன்றும். எனவே, வளர்ச்சி முடியும்வரை பகுதிப் பொய்ப்பல் போன்ற தற்காலிக ஏற்பாட்டைச் செய்வர்.

எப்படி முடிவெடுப்பது?

10. இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் நாற்பது வயது ஆடவர். நல்ல உடல்நலம் உள்ளவர். ஒரே ஒரு கடைவாய்ப்பல்லை இழந்தவர். அவருக்கு இம்பிளான்ட் பொருத்தமாக அமையலாம். பக்கத்துப் பற்களைத் தாங்கிகளாகக் கொண்டு ‘பாலம்’ அமைத்துப் பல்லைப் பொருத்தும் வழியும் உண்டு. மற்றொருவர் எண்பது வயதுப் பாட்டி. பற்கள் அனைத்தையும் இழந்தவர். பல நோய்களுக்கு மருந்து உட்கொள்பவர். நன்கு பொருந்தும் பொய்ப்பல் அவருக்கு நிறைவு தரலாம். கீழ்ப்பல்செட் ஆடிக்கொண்டே இருந்தால், உடல்நிலை இடங்கொடுக்குமாயின், இரண்டு இம்பிளான்ட்களை மட்டும் ஊன்றி அவற்றின்மேல் பல்செட்டை மாட்டும் இடைவழியும் இருக்கிறது.

11. செலவையும் கணக்கிடவேண்டும். சிங்கப்பூரில் ஓர் இம்பிளான்டுக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். அதன் அறுவை சிகிச்சைப் பகுதிக்கு மெடிசேவ் கணக்கிலிருந்து வரம்புக்குட்பட்ட தொகையைப் பயன்படுத்தலாம். பொய்ப்பல்லுக்கான செலவு இதைவிடக் குறைவு. தகுதி பெற்றோருக்குச் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின்கீழ் அதற்கு உதவித்தொகையும் கிடைக்கும். ஆயினும், இன்று கொடுக்கும் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. பின்னாளில் செய்யவேண்டிய பழுதுபார்ப்பு, மருத்துவரிடம் செல்லவேண்டிய தடவைகள் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

12. பெரியவர்களுடன் பல் மருத்துவரைக் காணச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கலாம். அப்போது இவ்வினாக்களைக் கேட்கத் துணைபுரியுங்கள்: எலும்பு போதுமானதாக உள்ளதா? இப்போது உட்கொள்ளும் மருந்துகளால் தடை ஏதும் உண்டா? மொத்தச் செலவு எவ்வளவு? தினமும் எப்படிப் பராமரிப்பது? இவை அனைத்துக்கும் முன்பாகத் தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒன்றைக் கேளுங்கள்: “உங்களுக்கு எது வேண்டும்?” சிலர் மீண்டும் முறுக்கைக் கடிக்க விரும்புவர். வேறு சிலர் தெளிவாகப் பேசினால் போதும் என்பர். இன்னும் சிலர் அறுவை சிகிச்சையே வேண்டா என்பர். விலையுயர்ந்த பல்தான் சிறந்தது என்றோ, வயதானவருக்கு எதுவும் போதும் என்றோ மற்றவர் முடிவு செய்துவிடக் கூடாது. பல்லைப் பொருத்திக்கொள்பவர் எல்லாவற்றையும் அறிந்து, தாமே தேர்ந்தெடுப்பதே சிறந்த முடிவு.

அருஞ்சொற்பொருள்
குழறுதல் – சொற்கள் தெளிவின்றி ஒலித்தல்
தளம் – பற்களைத் தாங்கும் அடிப்பகுதி
வித்திடுதல் – தொடங்கி வைத்தல்
தேய்மானம் – சிறிது சிறிதாகக் குறைதல்

கருத்தறிதல்
1. பற்களை இழந்தவரின் பேச்சு ஏன் குழறுகிறது? பத்தி 1இன் துணையுடன் விளக்குக.
2. பிரோனமார்க் தம் ஆய்வில் எதிர்பாராது கண்டது என்ன? அதை அவர் எவ்வாறு பயன்படுத்தினார்?
3. பொய்ப்பல் காலப்போக்கில் தளர்வது ஏன்?
4. வளரும் வயதினருக்கு இம்பிளான்ட் பொருத்துவதை மருத்துவர்கள் ஏன் தள்ளிப்போடுகின்றனர்?
5. “முதியவரின் சிகிச்சையைக் குடும்பத்தினரே முடிவு செய்யவேண்டும்.” இக்கருத்தை ஏற்கிறீர்களா? பனுவலிலிருந்து இரு காரணங்களைக் காட்டி உங்கள் கருத்தை எழுதுக.