வங்கியின் பெயருக்கு ஒரு வேலி

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஒரே பெயரில் நான்கு கடைகள் இருந்தாலும் எவரும் தடுப்பதில்லை. இணையத்தில் அப்படியன்று. அங்கே ஒரு முகவரி ஒருவருக்கே உரியது. பதிவேட்டில் எழுதி, கட்டணம் செலுத்திப் பெறவேண்டும். பெற்ற பின்னும் அது சொந்த நிலம் ஆகிவிடாது, குத்தகை நிலந்தான். தவணை தவறினால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டுக்குரிய 'டாட் இன்' பதிவேட்டை, 2003-இல் தோன்றிய நிக்சி என்னும் நிறுவனம் காத்து வருகிறது. 2005-இல் அப்பதிவு எல்லாருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. நல்லதுதான், ஆயினும் திறந்த வாசலில் விருந்தாளி மட்டுமா வருகிறான்? வங்கியின் பெயரைப் போலவே ஒரு பெயரைப் பதிந்து, அதே நிறத்தில் பக்கம் அமைத்து, கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டும் கூட்டம் உலகெங்கும் பெருகியது.

இதற்கு மாற்றாக 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ஒரு திட்டத்தை அறிவித்தது. இந்திய வங்கிகள் யாவும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும்; வங்கி அல்லாத எவருக்கும் அம்முகவரி கிடையாது. பதிவு செய்து தரும் உரிமை ஹைதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்னும் வங்கித் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு மட்டுமே. மாறுவதற்கு 2025 அக்டோபர் 31 வரை கெடு தரப்பட்டது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும்.

வேலி நல்ல வேலிதான். ஆனால் வேலிக்கு வெளியே நிற்பவனை அது என்ன செய்யும்? 'பேங்க்-இன் டாட் காம்' என்று முடியும் பெயரை அவன் பதிந்துகொண்டால், அவசரத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. இங்கேதான் நாம் ஒரு பாடம் படிக்கவேண்டியிருக்கிறது. அஞ்சல் முகவரியில் 'கரியாலூர், கல்வராயன்மலை வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்று பெரியது கடைசியில் வருகிறதல்லவா? இணைய முகவரியும் அப்படியே. முதல் சாய்கோடு வரையில் உள்ளதை எடுத்துக்கொண்டு, கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படிக்கவேண்டும். 'இன்', அதற்கு முன் ஒரு புள்ளி, அதற்கு முன் 'பேங்க்', அதற்கு முன் மீண்டும் ஒரு புள்ளி, பிறகு வங்கியின் பெயர். புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் சிறுகோடு இருந்தால் அது வேறு ஊர்!

பழைய முகவரிகளைப் பற்றியும் கவலை உண்டு. வங்கி புது வீட்டுக்குப் போனபின் பழைய வீட்டின் தவணையைக் கட்டாமல் விட்டால், அயலான் அங்கே குடியேறுவான். பழைய தாள்களில் அச்சான முகவரியை நம்பிச் செல்பவர் நேரே அவனிடம் போய்ச் சேருவார். ஆகவே பழைய பெயரையும் வங்கிகள் பல்லாண்டு விடாமல் வைத்திருக்கவேண்டும் என்பதே நம் எண்ணம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. வேலி ஆங்கில எழுத்தில் கட்டப்பட்டிருக்கிறது. வெள்ளிமலையில் சாமையும் கடுக்காயும் விற்று, மகளிர் குழுக் கடனையும் உதவித் தொகையையும் வங்கி வழியே பெறும் தாய்மார் பலருக்கு அவ்வெழுத்து பழக்கமில்லை. படித்தவருக்கே ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' போலத் தோன்றும். தமிழிலேயே எழுதலாமே எனின், 'டாட் இந்தியா' என்னும் தமிழ் முடிவும் இருக்கவே இருக்கிறது. ஆனால் நம் எழுத்திலும் 'ஔ' என்பதையும் 'ஒள' என்பதையும் கண்ணால் பிரிப்பது கடினம். ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மேலும், தொலைபேசியில் வரும் குரலுக்குப் பதிவேடு ஏது? எண்ணைச் சொல் என்று கேட்பவனிடம் எந்த முகவரியும் காவல் நிற்காது. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்கவேண்டும். பணம் கைமாறிச் செல்லுமுன் வங்கியில் நிறுத்திவைக்க முயல்வார்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியிலும் அது இன்னொரு கணக்குக்குப் போய்விடும்.