மூன்று படி போதும்

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போகும் பெண்களிடம் நவராத்திரி நெருங்கினால் ஒரு பேச்சு அடிபடும்: "ஊரில் இருந்திருந்தால் கொலு வைத்திருக்கலாம்." படி இல்லை, பொம்மை இல்லை, இடம் இல்லை, கையில் காசும் இல்லை என்று நான்கு காரணம் சொல்வார்கள். நான்கும் உண்மைதான். ஆனால் நான்குக்கும் இந்த வட்டாரத்திலேயே வழி இருக்கிறது.

இது அவசர அவசரமாக வளர்ந்த வட்டாரம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்துக்கு ரெனோ-நிஸான் வந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 படுக்கைகள். வேலைக்கு வந்தவர்கள் பெட்டியில் துணிமணியைக் கொண்டுவந்தார்கள். பாட்டி வீட்டுப் பொம்மைகள் பரணிலேயே தங்கிவிட்டன. கொலு என்றால் பெரிய கூடமும் ஒன்பது படியும் உள்ளவர்கள் சமாச்சாரம் என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. அந்த எண்ணம் தப்பு. படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பதுதான் வழக்கம், மூன்றும் ஒற்றைப்படைதான். பொம்மைகள் நெருக்கியடித்து நிற்கும் ஒன்பது படியைவிட, எந்தப் பொம்மை ஏன் அங்கே நிற்கிறது என்று வந்தவருக்குப் புரிகிற மூன்று படி மேல்.

அந்த 'ஏன்' என்பதற்குப் பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்திருக்கிறது: புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் இரண்டு, எறும்பும் கரையானும் மூன்று, நண்டும் வண்டும் நான்கு, விலங்குகள் ஐந்து, மனிதர் ஆறு. கொலுப் படிகளும் இதே ஏறுவரிசைதான். மனிதருக்கு மேலே முனிவர், தேவர், உச்சியில் தெய்வங்களும் கலசமும். மூன்று படியில் இதைச் சுருக்குவது எளிது. கீழ்ப்படி செடிகொடிக்கும் விலங்குக்கும், நடுப்படி மனிதருக்கும், மேல்படி தெய்வத்துக்கும் கலசத்துக்கும். மரப்பாச்சி ஜோடி இருந்தால் அதுவும் மேல்படியில்.

இனி படி. இங்கே அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமே இல்லை; தெருவுக்குத் தெரு காயலான் கடை. ஒரே அளவுப் பெட்டிகளாகப் பார்த்து ஆறு எடுத்தால், பின்வரிசையில் மூன்று, நடுவில் இரண்டு, முன்னால் ஒன்று என்று மாடி கட்டிவிடலாம்; அகலம் வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னோர் ஆறு. ஒவ்வொரு படியும் முக்கால் அடி ஆழம் என்றால், மூன்று படிக்குச் சுவரிலிருந்து இரண்டேகால் அடிதான் பிடிக்கும். அறைமூலை ஒன்று போதும். அட்டையின் ஓரத்தை உற்றுப் பார். இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக மடிந்த தாள் ஒன்று இருக்கும். அந்த அலையின் குழல்கள் மேலும் கீழுமாக நிற்கும்படி பெட்டியை வைத்தால் நன்றாகப் பாரம் தாங்கும். படுக்கைவாட்டில் வைத்தால் இரண்டாம் நாளே அமுங்கும். பெட்டிக்குள் பழைய செய்தித்தாளையோ மடித்த துணியையோ திணித்து ஒட்டிவிட்டால் மண்பொம்மையையும் தைரியமாக வைக்கலாம்.

சிலர் கம்பெனிச் சரக்கோடு வரும் பேக்கிங் மரத்தை வாங்கிப் படி அடிக்கிறார்கள். நல்ல யோசனை, ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடு விட்டு நாடு போகும் பேக்கிங் மரத்தில் பூச்சி ஒழிப்புக்கான சர்வதேச முத்திரை, கோதுமைக் கதிர் படத்தோடு குத்தப்பட்டிருக்கும். அதில் 'எச்.டி.' (HT) என்று இருந்தால் மரத்தின் உள்பாகம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது சூடேற்றப்பட்டது என்று பொருள், அதை எடுக்கலாம். 'எம்.பி.' என்று இருந்தால் மீதைல் புரோமைடு நச்சுவாயு ஏற்றியது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதே. எண்ணெய்க் கறை படிந்த பலகையும் வேண்டாம்.

படிக்கு மேல் விரிக்கத் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்று போதும். ஜரிகைப் பட்டுப்புடவை விரித்தால் கண் புடவைக்குப் போய்விடும், பொம்மை மறைந்துவிடும். மேல்படியில் ஆரம்பித்து, ஒவ்வொரு படியின் உள்மடிப்பிலும் துணியை இறுக்கி ஊக்குக் குத்திக்கொண்டே கீழே வரவேண்டும்.

பொம்மைக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய் ஒதுக்க முடிந்தால் படிக்கும் துணிக்கும் அதில் கை வைக்காமல் பாதியைப் பொம்மைக்கும், மீதியைப் பூவுக்கும் சுண்டலுக்கும் வைத்துக்கொள். பாதிப் பணத்தில் என்ன வந்துவிடும் என்று கேட்பாய். சின்னதாக ஒரு நல்ல பொம்மை வரும், அது போதும். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை சேர்ப்பது கொலு வைக்கும் வீடுகளின் பழக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் ஏறினால் காஞ்சிபுரம். அங்கே பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. களிமண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்யும் குடும்பங்கள் அங்கே தலைமுறையாக இருக்கின்றன. 2019-இல் அத்திவரதர் நாற்பது ஆண்டுக்குப் பின் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் தரிசனம் தந்தார் அல்லவா, அந்த ஆண்டுக் கொலுவில் அத்திவரதர் பொம்மைக்குத்தான் கிராக்கி. காலத்தோடு சேர்ந்து நடக்கிற கைத்தொழில் இது.

மண்பொம்மையை வாங்கும்போது நகத்தால் லேசாகத் தட்டிப் பார். நன்றாகச் சுட்டது கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் தரும். அடிப்பக்கம் சாயம் படாத இடத்தில் செம்மண் நிறம் தெரிந்தால் சுடுமண், சுண்ணாம்பு வெள்ளை தெரிந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பிளாஸ்டர் ஒரு முனை உடைந்தாலும் அசிங்கமாகத் தெரியும். அடிக்கடி அறை மாறுகிறவர்களுக்குக் காகிதக்கூழ்ப் பொம்மை நல்லது. எடை குறைவு, கீழே விழுந்தாலும் மண்பொம்மைபோல் சட்டென்று உடையாது.

ஒரகடத்தில் ஜப்பான் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் ஹினாமட்சுரி பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். மார்ச் 3-ஆம் தேதி வரும் பெண்குழந்தைகளுக்கான பண்டிகை அது. சிவப்புத் துணி விரித்த ஏழு படிகள், உச்சியில் அரசரும் அரசியும், அடுத்த படியில் பணிப்பெண்கள் மூவர், அதற்கும் கீழே இசைக்கலைஞர் ஐவர். இன்று அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஜப்பானியர் பலர் அரசன்-அரசி ஜோடியை மட்டும் வைத்துக் கொண்டாடிவிடுகிறார்கள். இடம் சிறுத்தால் பண்டிகையையும் சிறிதாக்கிக்கொள்ளலாம் என்பதில் அவர்களுக்குத் தயக்கமே இல்லை. நமக்கும் வேண்டாம்.

கீழ்ப்படிக்கு முன்னால் தரையில் வைக்கும் 'பார்க்'தான் குறைந்த செலவில் நிறைந்த அழகு தருவது. கைப்பிடிக் கேழ்வரகையோ கடுகையோ இரவு ஊறவைத்து, தட்டில் மண்ணோ தென்னைநார்த் துகளோ பரப்பி நெருக்கமாகத் தூவு. ஈரத்துணியால் மூடி, முளை விட்டதும் துணியை எடுத்துவிட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வா. நாலைந்து நாளில் பச்சைப் பசேலென்று நிற்கும். நவராத்திரிக்கு முந்தைய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னதாகத் தூவினால் கணக்குச் சரியாக இருக்கும். பழைய கண்ணாடித் துண்டு ஏரியாகும், சலித்த மணல் நெடுஞ்சாலையாகும். இங்கே வைப்பதற்கென்றே இந்த ஊரில் கதை கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் 1017-இல் ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயில், ஏரி, அதைத் தாண்டிக் கம்பெனி பஸ் வரிசை, தீப்பெட்டியில் செய்த ஆலை, தொப்பி போட்ட காகிதப் பெண்கள். கடையில் வாங்கும் கல்யாண செட்டைவிட இதன் முன்னால்தான் குழந்தைகள் அதிக நேரம் நிற்பார்கள்.

பூ விலை ஆயுதபூஜைக்கு முதல்நாள் எகிறும். அதனால் தெலங்கானாத் தோழிகள் யாராவது இருந்தால் கேட்டுப் பார். அவர்கள் ஊரில் பதுக்கம்மா என்று மகாளய அமாவாசையில் தொடங்கி ஒன்பது நாள், தட்டில் பூக்களைக் கோபுரம் போல அடுக்குவார்கள். அதில் முக்கியமான பூ நம் ஆவாரம்பூதான். வறண்ட மேட்டிலும் சாலையோரத்திலும் தானாக வளர்வது, காசு கேட்காது.

விளக்கு விஷயத்தில் பிடிவாதம் வேண்டாம். அட்டைப்படி, துணி, காகிதம் எல்லாம் தீப்பிடிக்கும் சரக்கு. அகல் விளக்கைப் படியிலிருந்து தள்ளித் தரையில், தாம்பாளத்தில் வை. ஆள் இருக்கும்போது மட்டும் ஏற்று. ஹாஸ்டலில் எண்ணெய் விளக்குக்கு அனுமதி இல்லையென்றால் எல்.இ.டி. சீரியல் லைட் போதும். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது அதையும் அணைத்துவிடு.

சுண்டலுக்குக் கால் கிலோ கொண்டைக்கடலை ஊறினால் ஏறக்குறைய அரைக் கிலோ ஆகிவிடும். ஓர் அறைக்கும் பக்கத்து அறைக்கும் தாராளம். ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்களுக்கு இதே நாட்களில் துர்கா பூஜை. அவர்களையும் கூப்பிட்டு வெற்றிலை பாக்கு கொடு.

ஒன்பதாம் நாள் ஆயுதபூஜை. இந்த வட்டாரத்தின் உண்மையான பெருவிழா அதுதான். லாரி, லேத், ரோபோ எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வாழைக்கன்றும் பொரிகடலையும். அன்று கொலுவின் கீழ்ப்படியில் ஐடி கார்டையும் ஸ்க்ரூ டிரைவரையும் படிக்கிற புத்தகத்தையும் வைத்துவிடு. திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைக்கிறவர்களைப் பார்த்தால் ஓரமாக ஒதுக்கச் சொல்; அதில் வழுக்கி விழுவது இரவு ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வருகிறவர்கள்தான்.

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு மறுநாள் எடுத்துவைப்பது வழக்கம். ஈரத்துணியால் துடைக்காதே, சாயம் கரையும். உலர்ந்த பிரஷ் போதும். பழைய பருத்தித் துணியில் சுற்றி, பெட்டிக்கு வெளியே உள்ளே இருப்பதை எழுதி ஒட்டு. பெட்டியைத் தரையில் விடாமல் பரணில் ஏற்று. அடுத்து வருவது வடகிழக்குப் பருவமழை, 2015 வெள்ளத்தில் இந்த மாவட்டம் பட்ட பாடு தெரியும்தானே.

காஞ்சிபுரத்துக்கு மட்டும் கடைசி வாரம்வரை காத்திருக்காதே. ஆவணியிலேயே ஒரு வாரவிடுமுறை நாளில் போனால் கூட்டமில்லாமல் தட்டிப் பார்த்து, செய்தவரிடமே கதை கேட்டு வாங்கலாம். அவர்கள் மாதக்கணக்கில் மண்ணோடும் சாயத்தோடும் உழைப்பது இந்தச் சில வார விற்பனையை நம்பித்தான். பேரத்தை ரொம்ப நீட்டாதே.

அன்புடன்,
அக்கா