கரிசல் மண்ணில் வீட்டுத் தோட்டம்: வறட்சி தாங்கும் செடிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கம் வீட்டைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் கரிசல்தான். சித்திரையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசியில் காலை உள்ளே இழுக்கும். வெயில் தாங்கும் என்று வாங்கி வைத்த செடிகள் இங்கே அடைமழையில் வேர் அழுகித்தான் அதிகம் சாகின்றன. இரண்டு பருவத்தையும் தாங்குவதைத் தேடுங்கள்.

படி 1: குழி வெட்டிப் பாருங்கள்

ஓரடி ஆழக் குழியில் தண்ணீர் நிரப்புங்கள். முதல் தண்ணீரை வெடிப்புகள் குடித்துவிடும். வற்றியதும் மறுபடி நிரப்புங்கள். மறுநாளும் தேங்கி நின்றால், அங்கே மேடு கட்டாமல் நடாதீர்கள்.

படி 2: செடியைத் தேர்ந்தெடுங்கள்

நர்சரிக்குப் போகுமுன் ஊரைச் சுற்றி ஒரு நடை நடந்து, யாரும் தண்ணீர் விடாமலே தழைத்து நிற்பவற்றைப் பாருங்கள். பூவுக்கு ஆவாரை. அதைவிடப் பொருத்தமான செடி கரிசலுக்கு இல்லை என்பேன். வேலிக்கு நொச்சி, வெட்ட வெட்டத் தழையும். பழத்துக்கு இலந்தை, கொடுக்காப்புளி. அரளியும் நன்றாக வரும், ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. குழந்தைகளும் ஆடும் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

முருங்கையும் சோற்றுக்கற்றாழையும் வறட்சிக்கு அஞ்சாதவை. தேங்கும் நீரைத் தாங்காதவை. மேட்டில் மட்டும் வையுங்கள். இட்லிப்பூவைத் தவிர்த்துவிடுங்கள். சுண்ணாம்பு மிகுந்த இந்த மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல் அதன் இலை மஞ்சளாகிவிடும்.

படி 3: மேடு கட்டி நடுங்கள்

களியில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகாது. செங்கல் மாதிரி இறுகும். மட்கிய தொழுவுரம்தான் மருந்து. குழிக்குள் மட்டும் நல்ல மண் போட்டால் சுற்றியுள்ள மழைநீர் அதில் வந்து நிற்கும். ஆகவே ஓரடி உயரத்துக்கு, மூன்று நான்கு அடி அகலத்தில் மேடு கட்டுங்கள். புரட்டாசிக் கடைசியில், மழை பிடிக்குமுன் நடலாம். ஈர மண்ணை மிதிக்காதீர்கள், கொத்தாதீர்கள். மரங்களைச் சுவரிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி வையுங்கள். வேர் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி அஸ்திவாரம் விரிசல் விடும்.

படி 4: முதல் கோடையைக் கடத்துங்கள்

வறட்சி தாங்கும் செடிக்கும் முதல் வருடம் தண்ணீர் வேண்டும். தினமும் தெளிப்பதைவிட வாரம் ஒருமுறை ஆழமாக விடுவது நல்லது. காய்ந்த சருகை மூன்று அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். மண் வெடிக்கும்போது இளம் வேர்கள் அறுபடும். மூடாக்கு அதைக் குறைக்கும். அதையும் மீறி வெடித்தால், பொடி மண்ணும் தொழுவுரமும் கலந்து அன்றைக்கே வெடிப்பை நிரப்பிவிடுங்கள்.