‘பணியால் வந்ததல்ல’ என்று மறுத்துவிட்டால்?

கேள்வி: 2019ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றேன். ரத்தக்கொதிப்பால் 30 சதவீத ஊனம் என்று மருத்துவ வாரியம் எழுதியது. ஆனால் அது பணியால் வந்ததல்ல என்று ஊன ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். இனி வழியுண்டா?
– முன்னாள் ஹவில்தார், வேலூர்

பதில்: உண்டு ஐயா, தளராதீர்கள். படையில் சேர்ந்தபோது எழுதிய உங்கள் மருத்துவப் பதிவை ரெக்கார்டு ஆபீஸிலிருந்து முதலில் கேட்டு வாங்குங்கள். அதில் இந்த நோய் பற்றிக் குறிப்பில்லையா? அப்படியானால் நீங்கள் நலமாகவே சேர்ந்தீர்கள் என்றுதான் கொள்ள வேண்டும். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013ல் இதைத் தெளிவாக்கியது. காரணமே எழுதாமல் ஒற்றை வரியில் தொடர்பை மறுக்கும் அறிக்கைகள் பெரும் அநீதி. ஆனால் அந்த மௌனமே உங்கள் வழக்குக்குப் பலம்.

துறைக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். பலிக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. ஆண்டுகள் ஓடிவிட்டனவே என்று அஞ்ச வேண்டாம். ஓய்வூதிய உரிமை மாதந்தோறும் தொடர்வது. ஆனால் நிலுவைத் தொகை பெரும்பாலும் மனு செய்வதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கே கிடைக்கும். அதனால் இன்றே தொடங்குங்கள். வென்றால் உங்கள் 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடவும் கேளுங்கள்; ராம் அவதார் வழக்கின் 2014 தீர்ப்பு அதற்குத் துணைநிற்கும்.