சிங்கவேழ்குன்றத்துக் கோடைவழி – பெரிய திருமொழி 1-7 அனுபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

கொங்குநாட்டில் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றும் அமையவில்லை. ஆதலால் இந்நாட்டு அடியார்கள் காரமடை அரங்கநாதனின் மாசித்தேரை ஸேவித்தபின், பங்குனியில் வெளி திவ்யதேச யாத்திரை புறப்படுவதுண்டு. அவ்வாறு கோயம்புத்தூரிலிருந்து சென்ற கோஷ்டியுடன் அடியேனும் அஹோபிலம் சென்றேன்.

மேல் அஹோபிலத்தில் குகையில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானை மங்களாசாஸனம் செய்து, பவநாசினியின் படுகை வழியே க்ரோட நரஸிம்ஹரை ஸேவித்து, ஜ்வாலா நரஸிம்ஹர் ஸந்நிதியை நோக்கி நடந்தோம். இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர்கள். நடுவே உருண்டு கிடக்கும் கற்கள். மழைக்காலத்தில் ஸந்நிதியின் முன் அருவியாய் விழும் நீர், அன்று கற்களுக்கிடையே நூலாகக் கசிந்தது. காலை பத்து மணிக்கே பாறை சுட்டது.

திருமங்கையாழ்வாரின் இத்திருமொழியைப் பலகாலம் அச்சமூட்டும் வர்ணனையாகவே அநுஸந்தித்து வந்தேன். அந்தப் பள்ளத்தில் நின்றபோதுதான் எட்டாம் பாசுரத்தின் வாகை நெற்று எதுவென்று காதுக்குப் புரிந்தது. இலையுதிர்ந்த வாகையில் முற்றிக் காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலப்பது வேனில் தொடங்கும்போதுதான். மூங்கில்கள் உராய்ந்து எழுந்த தீயால் வானம் சிவப்பதாக அதே பாசுரம் சொல்லும். மேட்டுப்பாளையம் மலையடிவாரத்தில் வளர்ந்தவருக்கு இது கற்பனையன்று. நான்காம் பாசுரத்தில் உச்சிவெயில், சுழல்காற்று, கடிக்கும் நாய், கழுகு. ஐந்தாவதில் நின்றெரியும் தீயைச் சூறைக்காற்று மொண்டு விசும்பில் வீசுகிறது. ஆறாவதில் மூங்கில் முழையிலிருந்து யானைச் சுவடு பார்க்கும் புலி. நல்லமலைக் காடுகளில் புலி இன்றும் உண்டு.

மற்ற திவ்யதேசங்களில் குளிர்பொழிலும் வண்டும் வயலும் பாடுகிற ஆழ்வார், இங்கு வெம்மையை ஏன் இத்தனை விரிவாகப் பாடவேண்டும்? அது குறையாகச் சொன்னதன்று. பரிவினால் சொன்னது என்பதே பூர்வர்கள் காட்டும் வழி. ஹிரண்யன் போன்றோர் அணுகவொண்ணாதபடி தீயும் கல்லும் வேடரும் காவலாயிருப்பது ஆழ்வாருக்கு உகப்பு. விரோதிகளுக்கு அரணாய் நிற்கும் அதே காட்டில், முதற்பாசுரத்துச் சிங்கம் யானைக்கொம்பைத் திருவடிக்கீழ் இட்டு இறைஞ்சுகிறது. வேடர்கள் விஷயத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இம்மலையில் வாழும் செஞ்சு மக்கள், செஞ்சுலக்ஷ்மியை மணந்த எம்பெருமானைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே கொண்டாடுகிறார்கள்!

எங்கள் கோஷ்டியில் எழுபது கடந்த ஸ்வாமி ஒருவர் இருந்தார். இத்திருமொழியை அடியேனுக்கு ஸந்தை சொல்லிவைத்தவர் அவரே. முழங்கால் ஒத்துழையாமல் மேல் அஹோபிலத்திலேயே அமர்ந்துவிட்டார். நாங்கள் புறப்படும்போது, “தெய்வங்களுக்கன்றிச் செல்ல முடியாது என்று ஆழ்வார் பாடிவிட்டாரே, அடியேன் மனிதன்தானே?” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆயினும் கண் கலங்கியிருந்தது. அப்போது விடை சொல்லத் தெரியவில்லை.

வழியில் பாறைப் பிளவில் வேரூன்றி நின்ற ஒரு நெல்லிமரத்தைக் கண்டபோது ஒன்பதாம் பாசுரம் நினைவுக்கு வந்தது. கல்லை உடைக்கும் நெல்லியும், வழியில் ஒலிக்கும் புல்லிலையும் வருவது அங்கேதான். எரியும் தீ அதில் இல்லை. தாமரையாள் தழுவ நிற்கும் ஆயிரந்தோளனாக எம்பெருமானைச் சொல்வதும் அப்பாசுரமே. பிராட்டி ஸம்பந்தம் வந்தவுடன் வழியின் வெம்மையும் தணிகிறது என்பது அடியேனுக்குத் தோன்றியது. வ்யாக்யான அர்த்தமாக இதைச் சொல்லவில்லை. அதைவிட முக்கியமானது, ஆழ்வார் அங்கு யாரை அழைக்கிறார் என்பது. காலை அழைக்கவில்லை. தம் நெஞ்சை நல்லதென்று கொண்டாடி, நாம் தொழுவோம் வா என்கிறார்.

பிற்பகல் இரண்டு மணியளவில் திரும்பினோம். அந்த ஸ்வாமி குகை ஸந்நிதியின் நிழலில், கண்களை மூடியபடி, இத்திருமொழியையே மெல்லச் சேவித்துக்கொண்டிருந்தார். அருகில் அமர்ந்தோம். ஒன்பதாம் பாசுரத்திலிருந்து அவருடன் நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்