விரலுக்கும் பாடம் வேண்டும்

பார்வைக் குறையுள்ள பிள்ளைக்கு வடிவமும் தொடுபரப்பும் கற்றுக் கொடுப்பது பள்ளிக்கூடத்து வேலை என்று கெடாவின் சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய்ப் பக்கங்களில் காத்திருக்கும் பெற்றோர் உண்டு. பிள்ளையின் விரல்கள் ஆர்வத்தோடு துழாவும் வயதை அந்தக் காத்திருப்பு விழுங்கிவிடுகிறது. அதற்குத் துணைபோகும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கண் தெரியாவிட்டால் விரல் தானாகவே கூர்மையாகிவிடும்.

உண்மை: பழக்கம்தான் விரலைக் கூர்மையாக்குகிறது. பிரெய்ல் எழுத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இடைவெளிதான். அதைப் பிரித்தறியப் போகும் விரல், முதலில் பெரிய வேறுபாடுகளில் பழக வேண்டும். கெடாவில் நெல்லுக்கா பஞ்சம்? சொரசொரக்கும் நெல்லையும் வழுக்கும் அரிசியையும் தனித்தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். சிரட்டையின் வெளிப்புறத்தையும் உட்குழிவையும் தடவட்டும். பால்மரத்துக் கொட்டையின் வழவழப்பும் நல்ல பாடமே. அதில் நச்சு உண்டு என்பதால், வாயில் போடாதபடி கூடவே இருங்கள்.

நம்பிக்கை: படத்தின் கோட்டைப் புடைப்பாகச் செய்து கொடுத்தால் போதும்.

உண்மை: புடைப்புக் கோட்டில் தோசையும் வட்டம், ஆரஞ்சுப் பழமும் வட்டம். உருண்டையை வட்டமாக வரைவது பார்ப்பவர்களின் வழக்கம். கைக்கு அது புரியாது. பிறவி முதல் பார்வையின்றி இருந்து, டெல்லியில் அறுவைச் சிகிச்சையால் பார்வை பெற்ற 5 சிறாரைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. கையால் தடவிய கட்டை எது என்று கண்ணால் பார்த்து உடனே சொல்ல அவர்களால் முடியவில்லை. பின்னர் பழகப் பழகத்தான் அது வந்தது. தொட்டறிந்ததும் பார்த்ததும் தாமாக ஒன்றிவிடுவதில்லை. ஆகவே முதலில் உண்மையான பழம், அடுத்து சப்பாத்தி மாவில் பிள்ளையே உருட்டும் உருண்டை, தட்டும் வட்டம், கடைசியில்தான் கோடு.

நம்பிக்கை: தொட மறுத்தால் கையைப் பிடித்து வைக்க வேண்டும்.

உண்மை: அப்படி இழுத்தால் பிள்ளை கையை மூடிக்கொள்ளப் பழகும். என்ன பொருள் என்பதை முதலில் சொல்லுங்கள். உங்கள் கை இட்லி மாவில் இருக்கட்டும். அதன்மேல் பிள்ளை தன் கையை வைக்கட்டும். கூச்சம் தெளிந்ததும் விரல் தானே மாவில் இறங்கும்.

நம்பிக்கை: எஞ்சிய பார்வையைப் பயன்படுத்தினால் அதுவும் போய்விடும்.

உண்மை: பயன்படுத்துவதால் பார்வை தேய்வதில்லை. நல்ல வெளிச்சத்தில், கறுப்புத் துணியில் மஞ்சள் எலுமிச்சம்பழத்தை வையுங்கள். பிள்ளை பார்க்கவும் செய்யட்டும், தொடவும் செய்யட்டும்.

உதவியும் தொலைவில் இல்லை. பார்வையற்றோருக்காக 1926இல் மலாக்காவில் தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் இன்று பினாங்கில் இயங்குகிறது. கூலிமுக்கு அருகே புக்கிட் மெர்தாஜாம் அல்மாவில் பார்வைக் குறையுள்ளோருக்கான தொடக்கப் பள்ளி இருக்கிறது. சமூக நல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டையும் பெற்றுவிடுங்கள். ஆனால் அட்டை வரட்டும், பள்ளி திறக்கட்டும் என்று நாளைத் தள்ளாதீர்கள். இன்றைக்கே உங்கள் அடுப்படியில் பாடத்தைத் தொடங்குங்கள்.